பக்கத்து வீட்டுக்கு வந்த ரின்போச்சே

எங்கள் தெருவில் குன்சேஸ் வீட்டுக்கும் நில்சா வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மண்சுவர். அந்தச் சுவர் இல்லாதிருந்தால் இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். சுவர் இருப்பதால்தானே அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது? எனக்கு அந்தச் சிரமம் இல்லை. என் வீடு எதிர்ச்சாரி. ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பளி சாக்ஸ் பின்னினால் இரண்டு வாசலும் கண்ணுக்கு நேரே தெரியும். இதை வைத்து என்னை வம்புக்காரி என்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்கே ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இருவரும் ஒரே குளிர்காலத்தில் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தவர்கள். குன்சேஸ் வந்தது பெரிய வீட்டுக்கு. மூன்று மாடி, செதுக்கு வேலை செய்த மர ஜன்னல், மாடியில் விளக்குப் புகை படிந்து கறுத்த சுவரோவியங்களோடு பூஜை அறை. கல்யாண வீடுகளில் வரிசையாக உட்காரும்போது அந்த வீட்டு ஆட்களுக்கு மேலே இரண்டு மூன்று வீட்டார்தான் உட்காருவார்கள். நில்சா வந்தது மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய வீட்டுக்கு. அந்த வீட்டாருக்கு வரிசையில் இடம் வாசல் பக்கம், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

அப்புறம் சுற்றுலாப் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். நில்சாவின் புருஷன் டாக்ஸி வாங்கினான். தொழுவம் இருந்த இடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறை எழுந்தது. அதற்கு மேல் விருந்தினர் அறைகள், வெந்நீர்க் குழாய், உட்கார்ந்து போகிற வெள்ளைக் கழிவறை. ஃபோனில் நில்சா வீட்டுக்கு யார் யாரோ நட்சத்திரம் போடுகிறார்களாம். குன்சேஸின் புருஷன் செத்துப்போனான். மகன் ராணுவத்தில், எல்லையில் எங்கோ ஒரு பனிமுகட்டில். மூன்று மாடி வீட்டில் அவள் ஒருத்தி. வருகிற கூட்டமெல்லாம் குன்சேஸ் வீட்டு ஜன்னலைப் படம் பிடித்துவிட்டு நில்சா வீட்டுக்குப் போய்த் தூங்கும். இதைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

இப்படி இருக்கும்போதுதான் ரின்போச்சே வருகிறார் என்ற சேதி வந்தது.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, சின்ன வயதிலேயே பழைய குரு ஒருவரின் மறுபிறவியென்று கண்டுபிடிக்கப்பட்டவர். அப்படிப்பட்ட பெரிய துறவியைத்தான் ரின்போச்சே என்போம். உலகமெல்லாம் சுற்றுகிறவர், இந்தப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முதுமை, முழங்கால் வலி. ஆற்றங்கரைத் திடலில் உபதேசம் முடித்துவிட்டு, கடைசி நாள் எங்கள் தெருக்கோடியிலிருக்கும் பழைய கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. வருகிற வழியில் தெருவில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை.

குன்சேஸ் அன்றைக்கே சுண்ணாம்பு கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஆனே, வேற எந்த வீட்டுக்கு வருவார்? பூஜை அறை இருக்கிற வீடு இது ஒண்ணுதானே" என்றாள் என்னிடம். ஆனே என்றால் அத்தை. தெருவில் பாதிப் பேருக்கு நான் ஆனேதான்.

"வந்தா உனக்குத்தான் வேலை."

"வேலை கிடக்கட்டும். என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அந்த அறைக்குள்ள ஒரு துறவி கால் வைக்கலை. தினம் ஏழு கிண்ணத்துல தண்ணி ஊத்துறேன், எடுக்குறேன். யாருக்கு ஊத்துறேன்னே சில நாள் தெரியலை. ரின்போச்சே ஒரு தடவை உள்ள வந்துட்டுப் போனா இது மறுபடி வீடாயிடும்."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நில்சா வீட்டு மாடியில் காய்ந்த வெள்ளை வெளேர் படுக்கை விரிப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு வீடு கேட்டு வந்தவர் ஒரு இளந்துறவி, சுல்திம் என்று பெயர். துறவிகளை நாங்கள் மாமா முறை வைத்து அஜாங் என்றுதான் கூப்பிடுவது, மீசை முளைக்காதவராக இருந்தாலும் சரி. இவர் சின்னப் பிள்ளையிலேயே தெற்கே கர்நாடகத்து மடத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, ரின்போச்சேவின் பயண ஏற்பாடுகளைக் கவனிக்க வந்தவர். எங்கள் பாஷையைப் பேசினார், ஆனால் புத்தகத்தைத் திறந்து வாசிக்கிற மாதிரி. நானும் குன்சேஸும் அவள் மாடியில் ஆப்ரிகாட் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அச்சே, ரின்போச்சேவின் மதியச் சாப்பாட்டை உங்க வீட்ல வச்சுக்கலாமா?"

அச்சே என்றால் அக்கா. குன்சேஸின் முகம் பளிச்சென்று ஆனது. உடனே, நல்ல வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இரண்டு கையையும் விரித்து மறுத்தாள்.

"ஐயையோ, எங்க வீட்லயா! அஜாங், இது வீடா? எலிகூடச் சலிச்சுப்போய் வெளியேறிட்ட இடம். படி செங்குத்து. எனக்கு வாயில வைக்கிற மாதிரி சமைக்கவும் வராது. எங்களுக்கு அந்தப் பாக்கியம் எங்க?"

மரியாதைக்கு நானும் சேர்ந்து பாடினேன். "ஆமா அஜாங், இங்க புழுதிதான் இருக்கு. ரின்போச்சேக்குத் தும்மல் வந்துடும்."

எங்கள் ஊரில் இதை ஸாங்ஸ் என்போம். ஒரு கோப்பை தேநீர் நீட்டினாலும் முதலில் கையால் மூடிக்கொள்ள வேண்டும். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன், வயிறு நிறைந்திருக்கிறது என்றெல்லாம் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் விடாமல் கெஞ்ச வேண்டும். அப்புறம்தான் கை மெல்ல விலகும். சட்டென்று வாங்கிக் குடிப்பவன் நாய்க்குச் சமம். பெரிய விஷயம் என்றால் மறுப்பும் பெரிதாக இருக்க வேண்டும். ரின்போச்சே என்றால் எவ்வளவு மறுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குன்சேஸ் ஒரு குறையும் வைக்கவில்லை.

சுல்திம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்படியா? சரி அச்சே. உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம்" என்றார். கும்பிட்டார். இறங்கிப் போய்விட்டார்.

குன்சேஸ் விரித்த கை விரித்தபடி, இன்னும் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"திரும்பி வருவார்" என்றாள்.

"வருவார்" என்றேன்.

"கீழ செருப்பை ஒழுங்கா வச்சுட்டு வரப் போயிருப்பார்."

படிச் சத்தம் கீழே போனது. கதவு சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாடி விளிம்புக்கு ஓடினோம். சுல்திம் நில்சாவின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நில்சா கையெல்லாம் மாவோடு வெளியே வந்தாள். அவர் கேட்டார். அவள் முழங்கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"தாராளமா வாங்க அஜாங்! எத்தனை பேர்?"

குன்சேஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"எத்தனை பேர்னு கேக்குறா, ஆனே. ஒரு தடவை... ஒரே ஒரு தடவையாவது வேண்டாம்னு சொன்னாளா?"

"சொல்லலை."

"வெட்கம்னு ஒண்ணு இருந்தா சொல்லியிருப்பா."

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் வேறு பேச்சே இல்லை. நில்சாவைப் போல மானம் கெட்டவள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சொன்னவர்களின் கண்ணைப் பார்த்தேன். அத்தனை பேரும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் வீடு இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி, "நீ போய் அந்த அஜாங்கிட்ட, எங்க வீட்டுக்கே வாங்கன்னு சொல்லிடேன்" என்றாள். குன்சேஸ் அவளைப் பார்த்த பார்வையில் குழாய்த் தண்ணீர் உறைந்திருக்கும். 'நான் வேண்டாம் என்றது வேண்டும் என்று சொன்னதுதான்' என்று எவளாவது போய் விளக்குவாளா? மறுத்ததைவிட அது பெரிய அவமானம்.

நான் சும்மா இருப்பேனா? நில்சாவிடமே போய்க் கேட்டேன்.

"ஏண்டி, கேட்ட உடனே சரின்னுட்டியாமே?"

நில்சா பித்தளைப் பானைக்குச் சாம்பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பின்ன என்ன ஆனே பண்றது? முதல் வருஷம் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாங்க. போகும்போது ஒரு ஜாக்கெட்டை நீட்டி, வச்சுக்கோன்னாங்க. வாத்து இறகு வச்சது. எனக்கு உயிரே அது மேலதான். ஐயோ வேண்டாம்மான்னேன். சரின்னு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க! அந்தக் குளிர்காலம் பூரா அதை நினைச்சு நினைச்சு நடுங்கினேன். அன்னைக்குக் கத்துக்கிட்டேன். அந்த அஜாங் குன்சேஸ் அச்சே வீட்லேர்ந்து உடனே இறங்கி வந்ததைப் பார்த்தேன். தெக்க வளர்ந்தவர், இவரும் டூரிஸ்ட் ஜாதின்னு புரிஞ்சுபோச்சு."

"அப்ப அவளுக்காக நீயாவது எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

நில்சா பானையைத் திருப்பி வைத்துத் தேய்த்தாள். "கல்யாண வீட்ல இத்தனை வருஷம் நான் செருப்புப் பக்கத்துல உக்காந்தேன். மேல வந்து உக்காருன்னு குன்சேஸ் அச்சே எனக்காக எடுத்துச் சொன்னாங்களா?"

கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் குன்சேஸிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

சோதனை அதோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் சில வீடுகளுக்கு ஒரே குலதெய்வம். பிறப்பு, சாவு, கல்யாணம், விருந்து எதுவானாலும் ஒருவர் வீட்டுக் காரியத்துக்கு மற்றவர்கள் வந்து உழைக்க வேண்டும், பாத்திரம் பண்டம் கொடுக்க வேண்டும். முடியாது என்ற பேச்சே இல்லை. குன்சேஸும் நில்சாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். விருந்துக்கு முந்தின நாள் காலை நில்சா வந்து நின்றாள். தலையில் முக்காடு, முகத்தில் பணிவு. அந்தப் பணிவைத்தான் குன்சேஸால் தாங்க முடியவில்லை.

"அச்சே, ரின்போச்சே உக்கார்ற ஆசனத்துக்கு நம்ம கூட்டத்துலயே உங்க டிராகன் கம்பளம்தான் லட்சணமா இருக்கும்."

"எடுத்துக்கோ."

"செதுக்கின குட்டி மேஜைங்களும்..."

"எடுத்துக்கோ."

"அந்த வெள்ளி மூடி போட்ட கோப்பை?"

குன்சேஸ் கோப்பை இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அது அவள் புருஷனின் வீட்டில் பல தலைமுறையாக இருப்பது. விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது.

"எடுத்துக்கோ. உன் வீட்ல கோப்பையே இல்லைன்னு ரின்போச்சேக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவார்."

"உங்க மனசு பெரிசு அச்சே" என்றாள் நில்சா. நான்கு பையன்கள் வந்து கம்பளங்களை ஒவ்வொன்றாகச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மேஜைகள் போயின. மெத்தைகள் போயின. புதிதாக வெள்ளையடித்த அந்தப் பெரிய அறை, குடி பெயர்ந்த வீடு மாதிரி வெறுந்தரையாகக் கிடந்தது. குன்சேஸ் நடுவே நின்று, "இனி நானும் போய் அவ சமையக்கட்டுல வெங்காயம் உரிக்கணும்" என்றாள். உரித்தாள். வெங்காயத்தால்தான் கண்ணீர் வந்தது என்று நில்சா வீட்டுச் சமையலறையில் எல்லோரும் நம்புவது போல நடித்தோம்.

ரின்போச்சே வந்த நாள் வெயில் நன்றாக அடித்தது. ஒவ்வொரு மாடியிலும் சாம்பிராணிக்குப் பதில் நாங்கள் எரிக்கும் ஜூனிப்பர் தழையின் புகை. தெருவில் மாவால் கோலம் மாதிரி எட்டு மங்கலச் சின்னங்கள். வெள்ளைத் துணி மாலையைக் கையில் ஏந்தி, குனிந்தபடி வரிசை நின்றோம். நில்சா வீட்டில் தங்கியிருந்த டூரிஸ்டுகள் சுற்றுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, குனிந்த எங்கள் முதுகுகளைப் படம் எடுத்தார்கள். கார் எங்கள் தெருவுக்குள் நுழையாது. ரின்போச்சே சுல்திமின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். குன்சேஸ் வீட்டு வாசலைத் தாண்டும்போது நிமிர்ந்து அந்த மர ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான். நில்சா வீட்டுக்குள் போய்விட்டார்.

கண்ணாடி அறையில் வரிசை போட்டு உட்கார்ந்தோம். உட்காரவே அரை மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் ஒவ்வொருவரையும் மேலே போ என்று மற்றவர்கள் தள்ள, அவர்கள் முடியாது என்று தூணைப் பிடித்துக்கொள்ள, இதுதான் வழக்கம். குன்சேஸை எல்லோரும் மேலே இழுத்தார்கள். அவள் வாசல் பக்கம் செருப்புகளை ஒட்டிப் போய் உட்கார்ந்தாள். இந்த முறை யார் இழுத்தும் வரவில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்துதான் எல்லாம் தெரியும்.

ரின்போச்சே சாப்பிடுகிற மாதிரி பாவனை செய்தார். மோமோவில் பாதி, தயிர் கொஞ்சம். அப்புறம் வெள்ளி மூடியைத் திறந்து தேநீர் பருகினார்.

"என் கோப்பை" என்றாள் குன்சேஸ், உதடு அசையாமல்.

"ஆமா, உன் கோப்பைதான்."

"கீழ இருக்கிறது என் கம்பளம்."

"தெரியுது. சும்மா இரு."

"எல்லாம் என்னோடது. அவளோடது அந்தக் கண்ணாடி மட்டும்தான். வெயில் அடிக்குதே, அவருக்கு வேர்க்குது பாருங்க."

நிஜமாகவே வேர்த்தது. மூன்று பக்கக் கண்ணாடி, நடு மத்தியானம், அறை நிறைய ஆள், அத்தனை பேர் மேலும் வெண்ணெய் வாசனை. சாப்பிட்டு முடித்ததும் ரின்போச்சே ஓய்வெடுக்க மாடியில் ஓர் அறை தயாராக இருந்தது. நில்சா அதற்கென்று புதுக் கட்டில், புதுப் போர்வை, மஞ்சள் பட்டில் தலையணை உறை எல்லாம் போட்டு வைத்திருந்தாள். ஓய்வு முடிந்து இறங்கியதும் எல்லோருக்கும் ஆசீர்வாதம். யாரும் எழுந்து போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ரின்போச்சே எழுந்து வாசலுக்கு வந்தார். மாடிப்படி வெளிப்புறம்தான். வாசலில் குன்சேஸ் தலை குனிந்து வழிவிட்டு நின்றாள். பெரியவர் நின்றார்.

"நீ எந்த வீட்டும்மா?"

"பக்கத்து வீடுங்க, ரின்போச்சே."

"அந்தப் பழைய ஜன்னல் வீடா? நல்லது, நல்லது. அங்கயும் ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டுமா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரின்போச்சே தெற்கே வளர்ந்தவர் அல்லர். எங்கள் பக்கத்து மனிதர், அதுவும் அந்தக் காலத்து மனிதர். அவர் கேட்டது மரியாதைக்கு. அந்த வயதில், அந்த முழங்காலோடு, அந்த வெயிலில் அவர் இன்னொரு வீடு ஏறி இறங்கப் போவதில்லை என்பது அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். "ஐயோ, நீங்க நினைச்சதே போதும், இங்கயிருந்தே ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குன்சேஸ் சொல்ல வேண்டும். அவர் "அப்படியா" என்று சிரித்து, தலையைத் தொட்டுவிட்டு மாடிக்குப் போக வேண்டும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தோம்.

"வாங்க!" என்றாள் குன்சேஸ்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். சத்தமாக வேறு. கூட்டத்தில் யாரோ ஒருவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. நான்தானோ என்னவோ.

ரின்போச்சேவின் புருவம் மேலே போனது. குன்சேஸைப் பார்த்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். கடைசியில் சுல்திமைப் பார்த்தார். சுல்திமுக்கு ஒரே சந்தோஷம். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன இரண்டாவது ஆளை அப்போதுதான் பார்க்கிறார்.

"வரச் சொல்றாங்க, ரின்போச்சே" என்றார் உதவியாக.

"கேட்டுச்சு" என்றார் ரின்போச்சே. அப்புறம் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பாக மாறியது. "கூப்பிட்டா போகணும் இல்லையா? வா."

நில்சா மாடிப்படியில் ஒரு கால் வைத்தபடி அப்படியே நின்றாள்.

குன்சேஸ் முன்னால் ஓடினாள், நான் அவள் பின்னால். வாசற்படியில் கால் வைத்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆனே! வீட்ல ஒண்ணுமே இல்லையே!"

கம்பளம், மேஜை, மெத்தை, கோப்பை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தன! அடுப்புகூட மூட்டவில்லை. பூஜை அறையோ மூன்றாவது மாடி. ரின்போச்சே முதல் படியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பக்கத்தில் திறந்திருந்த சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். மண்தரை, தடித்த மண்சுவர், ஜில்லென்ற இருட்டு. சுவரோரம் குன்சேஸ் தினம் படுக்கிற பழைய கம்பளிப் பாய் ஒன்று. பக்கத்தில் நூற்பதற்காக வைத்திருந்த ஆட்டுமயிர் மூட்டை.

"அப்பாடா" என்றார். பாயில் உட்கார்ந்து மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

குன்சேஸ் அடுப்பில் வறட்டியைத் திணித்து ஊதினாள். "நான் ஓடிப்போய் உன் கோப்பையை வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தேன். என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதீங்க. அவகிட்ட போய் என் கோப்பையை நான் கேக்கணுமா? எவர்சில்வர் டம்ளர் இருக்கு. கழுவித் தாங்க."

டம்ளரைக் கழுவினேன். தேநீர் கொதித்தது. திரும்பிப் பார்த்தால் ரின்போச்சே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை. ஒரு காலில் மட்டும் செருப்பு. சுல்திம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரின்போச்சேவைப் பார்த்தார், எழுப்ப மனமில்லாமல் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் தொங்கியது.

அங்கே கண்ணாடி அறையில் தெருவே வெந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து போகக் கூடாது என்று சொன்னது நில்சாதானே? கடைசியில் அவளே வந்து கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"அச்சே, மாடியில அறை தயாரா இருக்கு. கட்டில் போட்டிருக்கேன்" என்றாள் கிசுகிசுப்பாக.

குன்சேஸ் உதட்டில் விரலை வைத்தாள். அந்த விரலை அவள் வைத்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ராணி சேடிக்கு வைப்பது போல.

"தூங்குறார்."

"இந்தத் தரையிலயா?"

"ஏன், தரைக்கு என்ன?"

"பட்டுத் தலையணை வாங்கி வச்சிருக்கேன் அச்சே. போர்வை புதுசு. ஒரு தடவைகூடப் பிரிக்கலை."

"அப்படியே வச்சுக்கோ. அடுத்த டூரிஸ்டுக்கு ஆகும்."

நில்சாவின் கண் அந்தக் கம்பளிப் பாயிலும் மூட்டையிலும் ஒற்றைச் செருப்பிலும் மேய்ந்தது. சாப்பாடு எந்த வீட்டிலும் சாப்பிடலாம். ஆனால் ரின்போச்சே தூங்கிய வீடு! அது கிடைத்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் யார்? அவள் கீழுதடு சின்னப் பிள்ளைக்கு மடிவது போல மடிந்தது. போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். மறுபடியும் விரல்.

நிழல் நீண்டபோது ரின்போச்சே கண் விழித்தார். கூரை மரங்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தூக்கம் கலையாத குரலில் கேட்டார்:

"இது யார் வீடு?"

"என் வீடுங்க, ரின்போச்சே" என்றாள் குன்சேஸ்.

"ம்" என்றார். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு மடக்கு குடித்தார். செருப்பைத் தேடினார். குன்சேஸின் தலையில் கை வைத்தார், கழுத்தில் வெள்ளைத் துணியைப் போட்டார். சுல்திம் பதறி எழுந்து அவசரப்படுத்தினார். நில்சா வீட்டில் காத்திருந்த கூட்டத்துக்குத் தெருவில் நின்றபடியே மொத்தமாகக் கையை உயர்த்தி ஒரு ஆசீர்வாதம். பழைய கோயிலுக்கு நேரமாகிவிட்டது. புறப்பட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது மாடிப் பூஜை அறைக்கு அவர் போகவே இல்லை. அதைக் குன்சேஸிடம் நான் நினைவுபடுத்தவில்லை. எனக்கும் கொஞ்சம் இதயம் இருக்கிறது.

மறுநாள் காலை, குழாயடியில் நில்சா வாளியை நிரப்பாமல் நின்றாள்.

"அச்சே, அவ்வளவு நேரம் உள்ள இருந்தாரே, ஏதாவது சொன்னாரா?"

குன்சேஸ் தன் குடத்தை நிதானமாக இடுப்பில் ஏற்றினாள். "என் வீட்டைப் பத்திக் கேட்டார்."

"வீட்டைப் பத்தியா? என்ன கேட்டார்?"

"அதெல்லாம் எனக்கும் அவருக்கும்." நடந்தாள். குடத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

நில்சா என் பக்கம் திரும்பினாள். "ஆனே, நீங்களும் உள்ள இருந்தீங்களே?"

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "வீட்டைப் பத்தித்தான் கேட்டார்" என்றேன். உண்மைதானே? அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக்காரிக்கும் அதையே சொன்னேன். சாயங்காலத்துக்குள், ரின்போச்சே அந்தப் பழைய வீட்டின் பூர்வீகத்தையே விசாரித்தார் என்று பஜாரில் பேச்சு.

அதற்கப்புறம் ஒரு வாரம் நில்சா வீட்டுக் கண்ணாடி அறையில் திரை போட்டே இருந்தது. பிறகு ஒரு நாள் கொத்தனார் வந்தான். நான் ஜன்னலைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தேன். காற்றுக்காக.

"இந்த டைல்ஸை எல்லாம் எடுத்துட்டு, இந்த மூலையில மட்டும் மண்தரை போட்டுத் தர முடியுமா? சுவரும் மண்ணுதான். தடிமனா. பழைய மாதிரி ஒரு அடுப்பு. இருட்டா இருக்கணும்" என்று நில்சா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எல்லாரும் மண்ணை எடுத்துட்டு டைல்ஸ் போடறாங்க அச்சே" என்றான் அவன்.

"கேட்டதைச் செய். ரின்போச்சே திரும்ப வரும்போது தயாரா இருக்கணும்."

இந்தச் சேதி எப்படியோ குன்சேஸுக்கு எட்டிவிட்டது. மத்தியானமே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் அந்த வெள்ளைத் துணி இன்னும் இருந்தது. அதைக் கழற்றுவதே இல்லை. ஜன்னலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே மண் சுமந்து போகிற ஆட்களையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

"மண்ணுச் சுவரா, ஆனே? அவளுக்கா?"

"அப்படித்தான் சொல்றா."

எதிரே இன்னொரு மண் மூட்டை இறங்கியது.

"என் சமையக்கட்டைவிடப் பெரிசா கட்டுறாளா?" என்று கேட்டாள்.